பெண்ணிடம் கேட்டாச்சா

கீழக்கரையில் அகீலாவின் நிகாஹ் முக்கால் மணி நேரம் தாமதமானது. தாமதப்படுத்தியவள் அகீலாவேதான்.

அகீலா என் மாமாவின் இளைய மகள். மாமா என்று நான் சொல்வது உம்மாவின் ஒன்றுவிட்ட சகோதரர் சாஹுல் ஹமீதை. எங்கள் முன்னோர் சிலர் கீழக்கரையிலிருந்து சங்கு வாங்க இலங்கையின் கற்பிட்டிக்கு வந்து, அங்கேயே பெண் எடுத்து, புத்தளத்துக்காரர்களாகிவிட்டவர்கள். போர்க் காலத்தில் நின்றுபோயிருந்த உறவு வாட்ஸ்அப் வந்த பிறகு மறுபடி உயிர்பெற்றது. போன ஜனவரியில் மாமா கல்யாணத்துக்கு அழைத்தபோது, உம்மாவைக் கூட்டிக்கொண்டு மதுரைக்கு விமானம் ஏறினேன். தங்கச்சி சிபானாவையும் வரச் சொன்னோம். துணிக்கடையில் லீவு கிடைக்காது என்று சொல்லி அவள் தன் மகள் பஹ்மாவோடு புத்தளம் தில்லையடி வீட்டிலேயே நின்றுவிட்டாள்.

நிகாஹ் நாளன்று மாமா என் தோளில் கை போட்டார்.

"மருமவனே, பொண்ணுகிட்ட சம்மதம் கேக்கப் போறோம். ரெண்டு சாட்சி வேணும். கடல் கடந்து வந்திருக்கிய, நீங்க ஒருத்தரா நில்லுங்க."

பெருமையாக இருந்தது. மாமா, நான், மாப்பிள்ளை வீட்டு முதியவர் ஒருவர், ஜமாஅத் எழுத்தர் என்று நான்கு பேர் மாடிக்குப் போனோம். அறை வாசலில் திரை தொங்கியது. மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, இன்னாருடைய மகன் இன்னாருக்கு இந்த மஹருக்கு உன்னை நிகாஹ் செய்து கொடுக்கச் சம்மதமா என்று கேட்டார். உள்ளே வளையல் சத்தம் நின்றது.

"வாப்பா, பொஸ்தகத்தை உள்ள குடுங்க. வாசிச்சுட்டுச் சொல்லுறேன்."

எழுத்தர் மாமாவைப் பார்த்தார். மாமா தலையசைத்தார். கனத்த அட்டை போட்ட அந்தப் பதிவேடு திரைக்குள் போனது. நாங்கள் நின்றோம். கீழே பந்தலில் பிரியாணிச் சட்டி திறந்த வாசம் மேலே ஏறி வந்தது. பிறகு அகீலாவின் குரல் கேட்டது.

"நிபந்தனைன்னு ஒரு எடம் இருக்குதே, அதுல ஒண்ணும் எழுதல்லியே. கல்யாணத்துக்கு அப்புறமும் நான் ஸ்கூலுக்கு வேலைக்குப் போவேன்னு ரெண்டு வீடும் ஒத்துக்கிட்டதுதானே?"

முதியவர், "அதான் வாயால பேசியாச்சே மா," என்றார்.

"வாயால பேசினத எழுதிடலாம்தானே?"

எழுத்தர் கீழே போய் மாப்பிள்ளையிடம் கேட்டு, அவர் கையாலேயே ஒரு வரி எழுதி வாங்கி மேலே வர நேரமாயிற்று. அதன் பிறகுதான் அவள் "சம்மதம்" என்றாள். பதிவேடு வெளியே வந்தபோது சாட்சியாகக் கையெழுத்துப் போட நான் குனிந்தேன். மாப்பிள்ளைக்கு ஓர் இடம், மணமகளுக்கு ஓர் இடம், பொறுப்பாளருக்கு ஓர் இடம். நடுவில் அகீலாவின் பெயர், மை காயாமல், முழுசாக இருந்தது.

பேனையைப் பிடித்தபடி அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை வீட்டு முதியவர் நான் கூச்சப்படுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார்.

இதே மாதிரி ஒரு பதிவேட்டில் பத்து வருடங்களுக்கு முன்னால் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அன்று அதில் மணமகளுக்கு இடமே இருக்கவில்லை. இடம் இல்லை என்பதுகூட எனக்கு அன்று தெரியவில்லை. தேடினால்தானே தெரியும்.

*

வாப்பா இறந்தது இரண்டாயிரத்துப் பன்னிரண்டில். எங்கள் நாட்டு முஸ்லிம் விவாகச் சட்டப்படி பெண்ணுக்காகக் கையெழுத்துப் போடுபவர் அவளுடைய வலி, அதாவது பொறுப்பாளர். வாப்பா இருந்தால் வாப்பா. இல்லாவிட்டால் வாப்பாவின் வாப்பா, அவரும் இல்லாவிட்டால் கூடப்பிறந்த நானா, அதாவது அண்ணன். எங்கள் வீட்டில் அது நான்தான். எனக்கு இருபத்தொரு வயது. சிபானாவுக்குப் பதினாறு.

அந்த வருடம் செப்டெம்பரில் எனக்குக் கட்டார் விசா வந்தது. அதே கிழமையில் ஆலங்குடாவிலிருந்து அக்ரம் என்ற மாப்பிள்ளையின் பேச்சும் வந்தது. வள்ளம் இரண்டு வைத்திருந்த குடும்பம். நான் போவதற்கு முன் நிகாஹை முடித்துவிட வேண்டும் என்று அவர்கள் அவசரப்பட்டார்கள். உம்மா தனியாகப் பெண்பிள்ளையை வைத்துக்கொண்டு இருப்பதை நினைத்துப் பயந்தா. நான் எதை நினைத்தேன் என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன்: எப்போது விமானம் ஏறலாம் என்று நினைத்தேன்.

சிபானாவுக்கு டிசம்பரில் ஓ.எல். எனும் பதினோராம் வகுப்புப் பொதுப் பரீட்சை. கணக்கில் வகுப்பில் முதலாவது. ஒருநாள் பின்னேரம் நான் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து நின்றாள்.

"நானா, சோதனை முடியட்டுமே. மூணு மாசம்தானே."

"உம்மாட்டச் சொல்லு."

"உம்மா ஒங்கட்டச் சொல்லச் சொன்னா."

"பார்ப்பம்," என்றேன். அவள் நம்பிக்கொண்டு போனாள். "பார்ப்பம்" என்பதை ஒரு வாக்குறுதியாக எடுத்துக்கொள்ளும் வயது.

நான் பார்க்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டு முன்கூடத்தில் பாய் விரித்துப் பதிவுக்கார மௌலவி வந்து உட்கார்ந்தார். நல்ல மனிதர். படிவத்தை நிரப்பிக்கொண்டே வந்தவர், எனக்கு முன்னால் பேனையை நீட்டுவதற்கு முதல் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

"தம்பி, பொம்புளப்புள்ளட விருப்பம் கேட்டாச்சா?"

அது ஒரு கேள்வி. சட்டத்தில் பெண்ணுக்கு இடம் இல்லாவிட்டாலும் அந்த மனிதர் வாயில் அவளுக்கு ஓர் இடம் இருந்தது. அவருக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. கூடத்தில் பதினைந்து பேர் இருந்தார்கள்.

"ஓம், கேட்டாச்சு," என்றேன்.

பிறகு கையெழுத்துப் போட்டேன். ஏழாம் நாள் தோஹாவில் இருந்தேன்.

*

கல்யாணத்துக்கு மறுநாள் காலை கீழக்கரை வீட்டு மேல்மாடிக் கூடத்தில் இடியாப்பமும் ஆட்டுக்கால் குழம்புமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மாமா நல்ல உற்சாகத்தில் இருந்தார். பேச்சு எங்கள் நாட்டுப் பக்கம் திரும்பியது.

"நீங்க குடுத்து வச்சவங்க மருமவனே. உங்க நாட்டுல நம்ம சட்டம் நம்மகிட்டயே இருக்கு. காதி கோர்ட்ட சர்க்காரே நடத்துது. இங்க என்னடான்னா முத்தலாக் சொன்னவன மூணு வருசம் உள்ள போடுவேங்குறான். எங்களுக்கு எங்க சுதந்திரம்?"

"மாமா, ரெண்டாயிரத்துப் பத்தொம்பதுல எங்கட வீட்டுக்கு வந்து பாத்திருக்கோணும்," என்றேன். "ஈஸ்டர் குண்டுக்குப் பொறகு வாப்பாட அறபுக் கிதாபெல்லாத்தையும் உம்மா களப்புத் தண்ணியிலதான் போட்டா. பொலிஸ் என்ன பாஷை எண்டு பாக்காது, புடிச்சிட்டுப் போயிரும் எண்டு பயம். கொரோனா நேரம் எங்கட மையத்துகள எரிச்சாங்க."

மாமா பெருமூச்சு விட்டார். தன் பிறப்புச் சான்றிதழையும் தன் வாப்பாவின் நிலப் பத்திரத்தையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு இரும்பு அலுமாரியில் பத்திரமாக வைத்திருப்பதாகச் சொன்னார். எப்போது யார் வந்து நீ எந்த நாட்டுக்காரன் என்று கேட்பார்களோ என்ற யோசனை. அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. அதே மாதிரி ஓர் உறை எங்கள் வீட்டிலும் இருக்கிறது.

அப்போது மாமாவின் மூத்த மகள் மர்ளியா குழம்புச் சட்டியோடு வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவாள்.

"வாப்பா சொல்லுற சட்டத்துல எங்க வீட்டு ஆளத்தான் புடிச்சாங்க, தெரியுமா தம்பி?" என்றாள்.

"மர்ளியா," என்றார் மாமா.

"உள்ளதத்தானே வாப்பா சொல்லுறேன்." அவள் உம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான்கு வருடங்களுக்கு முன் அவளுடைய கணவர் சண்டையில் போனிலேயே மூன்று தடவை தலாக் சொல்லிவிட்டாராம். மாமாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அன்றைக்கே போய் மகளிர் பொலிஸில் புகார் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். மறுநாள் மருமகன் உள்ளே.

"புகார்ல எம்பேருதான் இருந்துச்சு. ஆனா எங்கிட்ட ஒருத்தரும் கேக்கல. சோறு வடிச்சுட்டு இருந்தேன், பக்கத்து வீட்டுப் புள்ள வந்து சொல்லுது, ஒங்க மாப்பிள்ளய போலீசு கூட்டிட்டுப் போயிடுச்சுன்னு."

"ஒனக்காகத்தானே செஞ்சேன்," என்றார் மாமா.

"எனக்காகன்னா எங்கிட்ட கேட்டிருக்கணும்தானே?" கோபமில்லாமல்தான் சொன்னாள். பல தடவை சொல்லிச் சொல்லிக் கோபம் தேய்ந்துபோன குரல். "ஆனா ஒண்ணு தம்பி. ஜாமீன் குடுக்கணும்னா பொண்டாட்டிகிட்ட கேக்காம குடுக்கக் கூடாதுன்னு அந்தச் சட்டத்துலயே இருக்காம். ராமநாதபுரம் கோர்ட்டுல அந்த ஜட்ஜ் அம்மா என்னைக் கூப்பிட்டு, ஒங்க வாப்பா சொல்லுறது இருக்கட்டும், நீங்க என்ன சொல்லுறீங்கன்னாங்க. அதுவரைக்கும் என்னைய யாரும் அப்படிக் கேட்டதே இல்ல. எனக்குப் பேச்சே வரல. ரெண்டு நிமிசம் அழுதேன். அவங்க காத்துக்கிட்டு இருந்தாங்க."

"பொறகு என்ன சொன்னீங்க ராத்தா?"

"அந்த மூணு சொல்லும் செல்லாதுன்னு சட்டமே சொல்லுது. அப்ப நான் இன்னும் அவர் பொண்டாட்டிதான். அவர உள்ள வச்சா எம்புள்ளைங்களுக்கு யாரு சோறு போடுவாங்கன்னு கேட்டேன். விட்டாங்க. இப்ப அவரு சென்னைல, நானு இங்க. மாசம் ஒருக்கா வாராரு. சேர்ந்து இருக்கலாமா வேணாமான்னு நான் இன்னும் யோசிச்சுக்கிட்டுதான் இருக்கேன். யோசிக்கட்டும்னு விட்டிருக்காங்க." மாமாவை ஒரு பார்வை பார்த்தாள். மாமா குழம்பை ஊற்றிக்கொண்டார்.

பிறகு அவள் சாதாரணமாக, என் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"சிபானாவுக்கும் தலாக் ஆகிப்போச்சுன்னு கேள்விப்பட்டேன். பாவம், சின்ன வயசு. அவ நிகாஹ் அப்போ அவகிட்ட கேட்டுத்தானே செஞ்சிய?"

"ஓம்," என்றேன்.

யோசிக்கவில்லை. பத்து வருடங்களுக்கு முன் வந்த அதே வேகத்தில் அதே சொல் வந்தது.

பக்கத்திலிருந்த உம்மா தலையை ஆட்டினா. "கேட்டு, அவ சம்மதிச்சுத்தான் புள்ள கட்டி வச்சம். நானாட்ட ஓம் எண்டு சொன்னவ. பொறகு அவவுக்குத்தான் பொறுக்கத் தெரியல்ல. அத நான் அவட மொகத்துக்கே சொல்லுற."

நான் இடியாப்பத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். உம்மா இதைச் சொல்வதை நான் கட்டாரிலிருந்து வந்த நாள் முதல் கேட்டிருக்கிறேன். சிபானா சோறு கருகவிட்டால், பஹ்மா பள்ளிக்குப் பிந்தினால், அக்ரமின் பேச்சு எப்படியாவது வந்துவிட்டால், "நீ சம்மதிச்சுத்தானே கட்டின" என்று உம்மா முடிப்பா. சிபானா ஒன்றும் சொல்லமாட்டாள். நானும் சொல்லமாட்டேன். உம்மா பொய் சொல்லவில்லை. நான் கூடத்தில் சொன்னதை நம்பிக்கொண்டிருந்தா, அவ்வளவுதான்.

*

அக்ரம் கெட்டவன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவன் சிபானாவைப் பரீட்சைக்கு விடவில்லை. கல்யாணமான பெண் சீருடை போட்டுக்கொண்டு போவதா என்றான். ஐந்து வருடம் ஆலங்குடாவில் மாமியார் வீட்டில் மீன் ஆய்ந்து, கருவாடு காயப்போட்டு, பஹ்மாவைப் பெற்று வளர்த்தாள். பிறகு அவன் முந்தல் பக்கத்தில் இன்னொரு நிகாஹ் செய்தான். சிபானாவுக்கு அது தெரிய வந்தது யாரோ போட்ட முகநூல் படத்தில். அவள் கேட்டபோது, அவன் காதியிடம் போய்த் தலாக் கேட்டான்.

அந்த விசாரணைக்கு நான்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். கட்டாரில் வேலை போய்த் திரும்பி, பாலாவிப் பக்கம் ஓர் உப்பளத்தில் மேற்பார்வை வேலைக்குச் சேர்ந்திருந்த நேரம். காதி நீதிமன்றத்தில் சட்டத்தரணி பேச முடியாது. ஆண் தலாக் சொல்வதற்குக் காரணம் காட்டத் தேவையில்லை. பெண் பிரிய விரும்பினால் காரணமும் வேண்டும், சாட்சியும் வேண்டும். இதெல்லாம் எனக்கு அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் தெரிந்தது.

காதியார் வயதானவர். எல்லாவற்றையும் எழுதிய பிறகு சிபானாவைப் பார்த்து, "நீங்க ஏதும் சொல்லோணுமா மகள்?" என்றார்.

சிபானா வாயைத் திறந்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

"நான் கதைக்கிறன்," என்றேன். "சரி எண்டு எழுதுங்க. இழுக்க வேணாம்."

வெளியே அக்ரமின் ஆட்கள் நின்றார்கள். எனக்குத் தெரிந்த முகங்கள். பேச்சு நீண்டால் ஊரில் கதை வரும் என்று பயந்தேன். அவள் அன்று என்ன சொல்ல இருந்தாள் என்று நான் இன்றுவரை கேட்டதில்லை.

*

திரும்பி வரும்போது விமானத்தில் உம்மா தூங்கிவிட்டா. மதுரையிலிருந்து கொழும்புக்கு ஒரு மணி நேரம். நமக்கும் அவர்களுக்கும் ஒரே மார்க்கம், ஒரே பாஷை, பாதி உறவு. மாமாவுக்கு எங்கள் சட்டத்தின் மேல் ஆசை. அவருடைய இரண்டு மகள்களுக்கும் அவர்களுடைய சட்டத்தில் ஏதோ ஒரு மூலையில் யாரோ நின்று, நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டிருக்கிறார்கள். அந்த நாட்டிலும் மர்ளியாவைக் கேட்காமல்தான் அவளுடைய கணவனைப் பிடித்துப் போட்டார்கள். ஆனால் கடைசியில் ஒரு படியில் அவளைத் தாண்டிப் போக முடியாமல் வைத்திருக்கிறார்கள். எங்கள் நாட்டில் அந்தப் படியை என் கையில் கொடுத்திருந்தார்கள்.

சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று கொழும்பில் எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து குழுக்கள் கூடுகின்றன, அறிக்கை எழுதுகின்றன, கலைகின்றன. திருத்தியிருந்தால் சிபானா தப்பியிருப்பாள் என்று கொஞ்ச நேரம் நினைத்துப் பார்த்தேன். அது ஆறுதலாக இருந்தது. பழியைத் தூக்கிப் பாராளுமன்றத்தின் வாசலில் வைத்துவிட்டு வரலாம். ஆனால் மௌலவி என்னைக் கேட்டாரே. என்னைக் கேட்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் அவரைத் தடுக்கவில்லை. உண்மையைச் சொல்லக் கூடாது என்று என்னையும் தடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள், தரகர் ஒருவர் போன் எடுத்தார். சிலாபத்தில் தேங்காய் வியாபாரம் செய்யும் பதுர்தீன் என்பவருக்கு மனைவி இறந்து இரண்டு வருடம். நாற்பத்திரண்டு வயது. சிபானாவைக் கேட்கிறார்கள். உம்மாவுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. சிபானா வீட்டில் இருக்கும்வரை எனக்குப் பெண் பார்க்க முடியாது என்று அவ ஐந்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பவ.

"நீ ஓம் எண்டு சொல்லு மகன்," என்றா. "அவட்ட நான் சொல்லிக்கிறன்."

எனக்கும் அந்த யோசனை ஒரு நிமிடம் பிடித்திருந்தது. அதை மறைக்கமாட்டேன்.

அன்று பின்னேரம் மழை இருட்டியது. சிபானா கடையிலிருந்து வந்த கையோடு கொல்லையில் கொடியிலிருந்த உடுப்புகளை அள்ளிக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் நின்று ஒரு துவாயை எடுத்தேன். அந்த வேலையை நான் எப்போதும் செய்வதில்லை. அவள் என்னைப் பார்த்தாள்.

"என்ன நானா?"

"ஒண்ட நிகாஹ் அண்டைக்கு மௌலவி எண்ட்டக் கேட்டார், ஒண்ட விருப்பம் கேட்டாச்சா எண்டு. நான் கேட்டாச்சு எண்டு சொன்னன். பொய்தான் சொன்னன்."

அவள் ஒரு கிளிப்பைக் கழற்றி வாயில் வைத்துக்கொண்டு அடுத்ததைக் கழற்றினாள். பிறகு இரண்டையும் கூடையில் போட்டாள்.

"தெரியும்."

"எப்பிடி?"

"கதவுக்கு அங்கால நான் நிண்டேனே. நீங்க சொன்னது நல்லாக் கேட்டிச்சு." பஹ்மாவின் பள்ளிச் சட்டையை உதறினாள். "அந்த எடத்துலயே 'இல்லை' எண்டு நான் கத்தியிருக்கலாம். மௌலவி எழும்பிப் போயிருப்பார். வாயத் தொறக்கல்ல. பதினஞ்சு பேருக்கு முன்னால நானாவப் பொய்யனாக்கிறதா எண்டு நினைச்சன். பொறகு ஆலங்குடாவுல ஒவ்வொரு நாளும் என்னத்தான் நான் ஏசிக்கிட்டன். ஏன் கத்தல்ல, ஏன் கத்தல்ல எண்டு."

பத்து வருடமாக நான் ஒளித்து வைத்திருக்கிறேன் என்று நினைத்த ஒன்றை அவள் எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு நடந்திருக்கிறாள். பதினாறு வயதுப் பிள்ளை என்னைக் காப்பாற்றியிருக்கிறாள். நான் என்னென்னவோ சொல்லத் தொடங்கினேன். மாப்பு என்று மன்னிப்புக் கேட்டேன். அல்லாஹ்வுக்காக என்றேன்.

"எனக்கு மாப்பெல்லாம் வேணாம் நானா. அது ஒங்கட மனசு ஆறுறதுக்கு." அவள் குரல் உயரவில்லை. "உம்மாட்டச் சொல்லுங்க. சம்மதிச்சுத்தானே கட்டின எண்டு உம்மா சொல்லுற ஒவ்வொரு தரமும் நீங்களும் வீட்டுலதான் இரிக்கிறீங்க. சோறு தின்னுறீங்க. போன் பாக்குறீங்க. அத மட்டும்தான் எனக்குத் தாங்க ஏலாம இரிக்கி."

மழை விழத் தொடங்கியது. அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

*

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நான்கு நாள் எடுத்தது. உப்பளத்தில் வேலை அதிகம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மழை பெய்த கிழமையில் உப்பளத்தில் என்ன வேலை.

ஐந்தாம் நாள் பகல் சாப்பாட்டு நேரம் பஹ்மா தண்ணீர்க் கோப்பையைத் தட்டிவிட்டாள். சிபானா மகளை ஏசினாள். உம்மா சிபானாவை ஏசினா. பேச்சு போய் வழக்கமான இடத்துக்கு வந்தது.

"ஒருத்தரும் ஒன்னக் கட்டிப்போட்டுக் குடுக்கல்ல. நீ சம்மதிச்சுத்தானே..."

"இல்லை உம்மா," என்றேன்.

உம்மா நிமிர்ந்து பார்த்தா.

"அவ சம்மதிக்கல்ல. நான் அவட்டக் கேக்கவே இல்லை. சோதனை முடியட்டும் எண்டு எண்ட்ட வந்து சொன்னவ. மௌலவிட்ட நான் பொய் சொன்னன்."

சோற்றுத் தட்டுக்கு முன்னால் உம்மாவின் கை அப்படியே நின்றது. பஹ்மா ஒன்றும் விளங்காமல் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அவவுக்காகச் சொல்லுறியா?"

"இல்லை உம்மா. நடந்தது அதுதான்."

"ஏன் அப்பிடிச் சொன்ன?"

"விசா வந்திருந்திச்சு."

உம்மா எழும்பிக் கை கழுவிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டா. அசர் தொழுகை வரைக்கும் வெளியே வரவில்லை. வந்தபோது கண் வீங்கியிருந்தது. சிபானா தையல் இயந்திரத்தில் உட்கார்ந்திருந்தாள். உம்மா அவளுக்குப் பின்னால் போய் நின்றா. தோளில் கை வைக்கப் போன மாதிரி இருந்தது, வைக்கவில்லை.

"பெத்த நானாவது ஒண்ட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்," என்று மட்டும் சொல்லிவிட்டுத் தொழுகைக்கு ஒளூ எடுக்கப் போனா.

இரண்டு கிழமை உம்மா என்னோடு பேசவில்லை. சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவா. சிபானாவிடம் மாப்பு என்று அவவும் கேட்டதில்லை. ஆனால் அந்த ஒரு வசனம் எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு கேட்கவில்லை. அவர்கள் இரண்டு பேரும் என்ன பேசிக்கொண்டார்கள், பேசினார்களா என்பது எனக்குத் தெரியாது. எனக்குச் சொல்லப்படவில்லை.

பதுர்தீனின் பேச்சு அப்படியே நின்றிருந்தது. ஒருநாள் காலை நான் வேலைக்குப் புறப்படும்போது சிபானாவே அந்தப் பேச்சை எடுத்தாள்.

"அந்தச் சிலாபத்து ஆள ஒருக்கா வரச் சொல்லுங்க. நான் கதைச்சுப் பாக்கோணும்."

அவர் வந்தார். வெள்ளைச் சட்டை, நரைத்த தாடி, மரியாதையான மனிதர். பஹ்மாவுக்குச் சொக்லட் கொண்டு வந்திருந்தார். முன்கூடத்தில் சிபானா அவருக்கு எதிரே கதிரையில் உட்கார்ந்தாள். நான் பக்கத்து அறையில், கதவைத் திறந்தபடி. அவள் மூன்று கேள்வி கேட்டாள். கடைக்குப் போகும் வேலையை விடச் சொல்வீர்களா? ஓ.எல். எழுத எனக்கு இன்னும் ஆசை இருக்கிறது, எழுதலாமா? பஹ்மா என்னோடு வரலாமா? முதல் இரண்டுக்கும் அவர் நல்ல பதில் சொன்னார். மூன்றாவதுக்குக் கொஞ்சம் தயங்கி, பிள்ளை இங்கே உம்மம்மாவோடு இருந்தால் படிப்புக் குழம்பாது, கிழமைக்கு ஒருக்கா வந்து பார்க்கலாம் என்றார்.

சிபானா நன்றி சொல்லி எழும்பினாள். அவர் போன பிறகு கோப்பைகளைக் கழுவிக்கொண்டே, "எனக்கு விருப்பமில்ல நானா. சொல்லிருங்க," என்றாள்.

தரகருக்கு போன் எடுத்தேன்.

"தங்கச்சிக்கு விருப்பமில்லையாம்."

அவர் சிரித்தார். "பொம்புளைங்க முதல்ல அப்பிடித்தான் தம்பி சொல்லுவாங்க. வலி நீங்கதானே. நீங்க ஓம் எண்டா முடிஞ்சிரும். நல்ல எடம், வுட்டுராதீங்க."

"அவவுக்கு விருப்பமில்லை. அவ்வளவுதான்."

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"நான் நினைக்கிறதுக்கு ஒண்டும் இல்லை."

வைத்துவிட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. யாரும் என்னை அடிக்கவில்லை, ஊர் ஒன்று கூடவில்லை, பாயைச் சுருட்டிக்கொண்டு யாரும் கோபித்துப் போகவில்லை. அன்று கூடத்தில், "இன்னும் கேக்கல்ல மௌலவி, கேட்டுட்டு வாறன்" என்று சொல்லியிருந்தாலும் இவ்வளவுதான் ஆகியிருக்கும். எழும்பி, பத்து அடி நடந்து, ஒரு கதவைத் திறந்திருக்க வேண்டும். அவள் அந்தக் கதவுக்குப் பின்னால்தான் நின்றிருக்கிறாள்.

சிபானா கையைத் துடைத்தபடி வாசலில் வந்து நின்றாள்.

"சொல்லிட்டீங்களா?"

"ஓம்."

தலையை ஆட்டிவிட்டுப் பஹ்மாவின் கணக்குக் கொப்பியை எடுத்துக்கொண்டு அவளோடு உட்கார்ந்தாள். அவள் இன்னும் ஏதாவது சொல்வாள், ஒரு நல்ல வார்த்தை, என்று நான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். எதற்காக நிற்கிறேன் என்பது உறைத்தபோது முகம் சுட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தேன்.